இடது கையால் சாப்பிட்ட மகனுக்கு

அன்புள்ள கதிர்,

நடந்ததையெல்லாம் உண்மையாக எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமான இடத்தைப் பெரிதாக்க மாட்டேன். உன் அப்பாவுக்குப் பிடிக்காத இடத்தை விட்டுவிடவும் மாட்டேன். பள்ளியில் கட்டுரை எழுதும்போது முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வேன். அந்த ஒழுங்குக்காகவே தமிழ் மிஸ் எனக்கு மதிப்பெண் கூட்டிப் போடுவார். இன்று அப்படிப் பிரிக்க வரவில்லை. எங்கிருந்து ஆரம்பித்தாலும் பயம்தான் முதல் வரியாக வந்து நிற்கிறது.

இங்கே சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் உனக்கு இன்னும் வெள்ளிக்கிழமை முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் நீ மைதானத்துக்குள் வருவாய். நம் கூடத்தில் பாய் விரித்து, மேல்வீட்டு மஞ்சுளா அக்காவின் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் இறக்கிப் போட்டாயிற்று. சிக்னலில் உனக்குப் பேனர் வைத்த பையன்கள் டி.வி. பெட்டியைத் திருகித் திருகிப் படத்தை வரவைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இதைப் படிக்கும்போது ஆட்டம் முடிந்திருக்கும். அதனால் இது உன்னைத் தடுக்க எழுதுவது அல்ல. போனில் கேட்டால் அப்பா பக்கத்தில் நின்று முறைக்கிறார், நீயும் "சூப்பரா இருக்கேம்மா" என்று முடித்துவிடுகிறாய். எழுத்தில் என்னை யாரும் குறுக்கிட முடியாது.

புதன்கிழமை வீடியோவில் பேசினோமே, அப்போது நீ சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கரண்டியால், இடது கையால். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "டேய், என்ன பழக்கம் இது, சோத்துக் கையை எங்க வச்சிட்ட?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "இங்க எல்லாரும் இப்படித்தாம்மா" என்றாய். உன் பின்னால் ஒருவர் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டு போனார். அதை நீ கவனிக்கவில்லை. பிறகு நீ தண்ணீர் பாட்டிலை எடுத்ததையும் பார்த்தேன், தலைமுடியைக் கோதியதையும் பார்த்தேன். எல்லாம் இடது கை. வலது கை மேஜைக்கு அடியில் இருந்தது. கடைசி வரை மேலே வரவே இல்லை. "டாட்டா காட்டுடா" என்றேன், வேண்டுமென்றேதான். இடது கையைக் காட்டினாய்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் கையைப் பார்த்து நான் பயப்படுவது புதிது இல்லை. நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது நம் தெருவுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் கிரிக்கெட் ஆடுவீர்களே. நீ பந்து போட ஓடி வந்தாலே எதிரணி மொத்தமும் "மாங்கா! மாங்கா!" என்று கத்தும். கல்லை விட்டு மாங்காய் அடிப்பதுபோல் முழங்கையை மடக்கி எறிகிறாய் என்று அர்த்தம். தமிழ்ப் பையன், கன்னடப் பையன், உருதுப் பையன் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். நீ வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் கையைத் தூக்கி நிற்பாய். "நேராத்தானம்மா இருக்கு? நீயே பாரு." நான் உன் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானியை எடுத்து முழங்கையில் வைத்து அளந்தேன். மடங்கித்தான் இருந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை, உண்மை சொல்லவும் தைரியம் இல்லை. "வெளிச்சம் சரியில்லடா, நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். பள்ளி அணியில் இருந்து உன்னை எடுத்துவிட்டார்கள்.

பி.டி. மாஸ்டர்தான் உன்னை அடுகோடிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கம்பெனியில் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்பால் ஆடுவார்கள். நானும் வந்தேன். ஒரு ஜப்பான்காரர் கையில் பெரிய தோல் உறையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நீ எறிந்தாய். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். அவர் உறையைக் கழற்றிக் கையை உதறிச் சிரித்தார். இரண்டாவது பந்துக்கும் சிரித்தார். மூன்றாவது பந்துக்குச் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து உன்னையே பார்த்தார். மாஸ்டர் என்னிடம் ஓடி வந்து, "அம்மா, கிரிக்கெட்ல தப்புன்னாங்களே, இவங்க ஆட்டத்துல அதான் ரூல்ஸே! எறியணும், கையை மடக்கி எறியணும்!" என்றார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. உன் உடம்பில் இருந்த ஒன்று அதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை, அதனால் அது நம்முடையதாக இருந்தது. அன்று அது ஊருக்கு வேண்டியதாகிவிட்டது.

நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் அந்த ஆட்டத்தின் விதிப்புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு, பஸ்ஸிலும் படித்தேன். மட்டை பிடிப்பவனுக்கு ஹெல்மெட் உண்டு, பந்தைப் பிடிப்பவனுக்கு முகத்தில் கம்பி வலை உண்டு, நெஞ்சுக்குக் கவசம் உண்டு. நடுவில் மேடு கட்டி நிற்க வைக்கிறார்களே, எறிபவன், அவன் தலையில் ஒரு துணித் தொப்பி மட்டும். அடித்த பந்து நேராக அவனிடம் திரும்பி வந்தால்? இதை மாஸ்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் வராதும்மா" என்றார். வரும் என்று பிறகு பல தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ குனிந்து நிமிர்வதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிடும்.

மீசை முளைக்காத நீ மீசைக்காரர்களை வரிசையாக அவுட்டாக்கி வெளியே அனுப்பினாய். மாநில அணி, இந்திய ஜூனியர் அணி என்று போனாய். பிறகு வேகம் அளக்கும் கருவியோடு இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். கருவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இன்னொன்றை எடுத்து வந்தார்களாம். அப்பா இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. பதினெட்டு வயதில் ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனாய். எனக்குத் தெரிந்த அமெரிக்கா கட்டடங்களும் பாலங்களும். நீ அனுப்பிய படங்களில் பொட்டல் காடு, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பஸ். சின்ன லீக் என்று சொல்லி ஊர் ஊராக அந்த பஸ்ஸிலேயே வருடக்கணக்கில் சுற்றினாய். வேகமாக எறிகிறவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள் என்று ஒருநாள் அழுதாய். திரும்பி வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். நீ அடுத்த வாரமே, கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி நடுவிரலால் பந்தைச் சுண்டிவிடக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாய். வேகமாக வருவதுபோல் வந்து கடைசியில் தயங்கி விழுகிற அந்தப் பந்துதான் உன்னைப் பெரிய லீக்குக்குக் கொண்டுபோனது. ஈஜிபுரா கிளப்பில் கேரம் ஆடியதற்காக அப்பா உன்னை அடித்த அடியெல்லாம் வீண் என்று நான் அவரிடம் சொன்னேன். "நான் அடிச்சதாலதான் விரல் உறுதியாச்சு" என்றார்.

இப்போது அங்கே குழந்தைகள் உன் பெயர் போட்ட சட்டை போடுகிறார்கள். மைதானத்தில் உன் பெயரை "காட்டீர்" என்று அலறுகிறார்கள். இங்கே சிக்னல் பேனரில் மூன்று கட்சித் தலைவர்களுக்கு நடுவில் நீ நிற்கிறாய். அவர்கள் கும்பிடுகிறார்கள், நீ எறிகிறாய். அப்பா பட்டறைக்குக் குறுக்கு வழியை விட்டுவிட்டு அந்த சிக்னல் வழியாகத்தான் போகிறார். "ஏன் சுத்திப் போறீங்க?" என்றால், "இந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்கிறார். நானோ பேனரைப் பார்த்த நாளில் எல்லாம் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறேன். "இருக்கிற மிளகாயெல்லாம் நெருப்புல போட்டா ரசத்துக்கு என்ன போடுவீங்க?" என்று மஞ்சுளா அக்கா கேலி செய்கிறாள்.

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டமானது.

நம் குடும்பத்தில் வேலைக்குக் கிளம்புகிறவன் வாசலில் நின்று கெட்ட வார்த்தை சொல்லக்கூடாது. கெட்ட வார்த்தை என்றால் திட்டுவது இல்லை. வலி, காய்ச்சல், பயம், முடியவில்லை, இதெல்லாம்தான். உனக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது. கோலார் தங்கவயலில் உன் தாத்தா சுரங்கத்துக்குள் இறங்குகிற வேலை பார்த்தார். ஷிப்டுக்குப் போகும் ஆளிடம் எங்கே என்று கேட்க மாட்டார்கள், பின்னால் இருந்து கூப்பிட மாட்டார்கள். குழந்தை தும்மினால்கூட வாயைப் பொத்துவார்கள். பூமிக்கடியில் கூண்டில் இறங்குகிறவனைச் சிரித்த முகத்தோடு அனுப்ப வேண்டும், அவனும் சிரித்த முகத்தோடு இறங்க வேண்டும். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். மேலே நிற்கிறவர்களால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ஆனால் தாத்தா கடைசி வருடங்களில் நெஞ்சில் கல்தூசி அடைத்து மூச்சு வாங்கியபோதும் ஒருநாள்கூடச் சொல்லவில்லை. இருமல் வந்தால் கொல்லைப்புறம் போய் இருமிவிட்டு வருவார். டாக்டர் பார்த்தபோது, "இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்று கேட்டார். எப்போது சொல்வது? எப்போதும் அவர் ஒன்று வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், அல்லது கிளம்பப் போகிறவராக இருந்தார்.

சுரங்கத்தை மூடி, நாம் பெங்களூருக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் அந்த வழக்கத்தை மட்டும் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்துவிட்டோம். ஜனவரியில் நீ கிளம்பிய அன்று டாக்சி கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் உனக்குத் திருநீறு பூசினேன். நீ படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாய்.

"அம்மா, இந்த முழங்கை கொஞ்ச நாளா ஒரு மாதிரி..."

"டேய், டேய்!" என்று அப்பா பதறினார். "கெளம்பற நேரத்துல என்ன பேச்சு பேசற? நல்ல வார்த்தையா சொல்லு."

நானும் சும்மா இருக்கவில்லை. "வாசப்படியில நின்னுக்கிட்டு அப்படிச் சொல்லாத கண்ணு. போய்ட்டு வரேன்னு சொல்லு" என்றேன்.

"போய்ட்டு வரேம்மா" என்றாய். போய்விட்டாய். அதற்குப் பிறகு உன் முழங்கையைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு போன் பேச்சும் ஒரு ஆட்டத்துக்குக் கிளம்பும் முன்னால்தானே நடக்கிறது. எப்போதும் நீ வாசலிலேயே நிற்கிறாய்.

இன்றைய ஆட்டம் முடிந்ததும் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று உன் ஏஜென்ட் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கை நன்றாக இருக்கிறது என்று இன்று காட்டினால் போதுமாம். அதனால் நீ காட்டுவாய். கை கழன்று விழுந்தாலும் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு காட்டுவாய். நீ எங்கள் பிள்ளை. அதுதான் என் பயம். ஒப்பந்தம் போய்விடுமோ என்று நான் பயப்படவில்லை. நீ வலியைச் சொல்லாமலே கையைக் கெடுத்துக்கொள்வாய் என்றும், உன் வாழ்நாள் முழுக்க அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் போகும் என்றும் பயப்படுகிறேன்.

இப்போதுதான் உனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "வலித்தால் சொல். எங்கே நின்றாலும் சொல்." ஒரு டிக் மட்டும் விழுந்தது. மைதானத்துக்குள் போன் கூடாது என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. கூடத்தில் விசில் அடிக்கிறார்கள். பேனாவை மூடுகிறேன்.

ஆட்டம் முடிந்துவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்காதே. மேட்டில் நின்ற உனக்கு நம் கூடம் தெரியாது.

ஒன்பது இன்னிங்ஸில் முதல் மூன்றும் நீ நன்றாகத்தான் எறிந்தாய். ஆனால் கேரம் பந்தை ஒருமுறைகூட எறியவில்லை. இது யாருக்கும் உறைக்கவில்லை. நாலாவதில் பந்து மேலே மேலே போயிற்று. பிடிப்பவர் எழுந்து எழுந்து பிடித்தார். பயிற்சியாளர் நடந்து வந்து உன்னிடம் ஏதோ கேட்டார். நீ தலையை ஆட்டி மறுத்தாய். அவர் திரும்பிப் போனார். மஞ்சுளா அக்கா, "என்ன கேட்டிருப்பாரு?" என்றாள். "வலிக்குதான்னு" என்றேன். அடுத்த பந்து எதிரே நின்ற மட்டைக்காரனின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போனது. அவன் அப்படியே கீழே விழுந்து தப்பினான்.

நீ உன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எல்லோரும் உன்னை எறியச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள், அங்கேயும் இங்கேயும். பிறகு நீயே இடது கையைத் தூக்கிப் பயிற்சியாளரைக் கூப்பிட்டாய். விதிப்புத்தகத்தை இத்தனை தடவை படித்தவள், இத்தனை ஆட்டம் பார்த்தவள் சொல்கிறேன், எறிகிறவன் தானாகக் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் வந்தார். நீ முழங்கையைத் தொட்டுக் காட்டினாய். பந்தை அவர் கையில் வைத்தாய். தலை குனியாமல் நடந்து வெளியே போனாய்.

இங்கே பேனர் வைத்த பையன்களில் ஒருவன், "சே, என்ன இது! கொஞ்சம் வலிச்சா வெளிய வந்துடறதா? காண்ட்ராக்ட் போச்சே!" என்றான்.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நிமிராமலே கேட்டார். "உன் கையா அது?"

"அதில்லண்ணா, இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"அவன் கை. வலிக்குதுன்னு அவன் சொல்லிட்டான். டீ ஆறுது பாரு, குடிச்சிட்டுக் கெளம்பு."

அவன் குடிக்காமலே எழுந்து போனான். அப்பா அந்த டீயையும் எடுத்துக் குடித்தார். பாதி லுங்கியில் கொட்டியது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

உன் போன் வந்தபோது அதை நான் எடுப்பதற்குள் அப்பா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ இருக்காதோ. நான் அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அம்மா, வலிக்குது."

"எங்கடா?"

"முழங்கை உள்பக்கம். மூணு வாரமா ரொம்ப அதிகம். இன்னைக்கு விரலெல்லாம் மரத்துப் போச்சும்மா. பந்து கையில இருக்கா இல்லையான்னே தெரியல. அந்த ஆள் தலையில பட்டிருந்தா... நான் ரொம்ப பயந்துட்டேன்."

"நான் அனுப்புனதப் பாத்தியா?"

"எத? போன இப்பத்தான் எடுக்கறேன்."

நீ பார்க்கவில்லை. நான் சொல்லாமலேதான் சொல்லியிருக்கிறாய். இந்தக் குடும்பத்தில் எனக்குத் தெரிந்து யாரும் செய்யாத ஒன்றை, அத்தனை ஆயிரம் பேர் பார்க்க, யாரும் கற்றுக்கொடுக்காமல் செய்திருக்கிறாய்.

அப்பா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "டாக்டர் கிட்ட எல்லாத்தையும் சொல்லு. இங்க வாசல்ல நான் வாய மூட வச்சனே, அன்னையிலருந்து சொல்லு." சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நாளை ஸ்கேன் என்றாய். தசைநார் அறுந்திருந்தால் அறுவை சிகிச்சை, ஒரு வருடத்துக்கு மேல் பந்தைத் தொடக்கூடாது, அதற்குப் பிறகும் பழைய கை வருமா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள் என்றாய். ஏஜென்ட் உன்னோடு பேசவில்லை என்றாய். தைரியமாக இரு என்று சொல்ல மாட்டேன், கதிர். எனக்கே இல்லாததை உனக்கு எப்படி அனுப்புவது? ஸ்கேன் அறைக்குள் போகும்போது பயமாக இருந்தால் அந்த நர்ஸிடம் பயமாக இருக்கிறது என்று சொல். இரவில் வலித்தால் எங்களைக் கூப்பிடு. இங்கே பகலாகத்தான் இருக்கும். நீ வரும் நாளில் எந்தக் கையால் சாப்பிட்டாலும் கேட்க மாட்டேன். முடியவில்லை என்றால் பிசைந்து ஊட்டுகிறேன், இருபத்தேழு வயதானால் என்ன.

இதை உன் அணியில் இருக்கும் பையன்கள் யாருக்காவது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். அவர்களுக்கும் வாசலில் நிற்கிற அம்மாக்கள் இருப்பார்கள்.

எழுதி முடிக்கும்போது கவனித்தேன், கூடத்தில் பெட்டியை யாரும் நிறுத்தவில்லை. வர்ணனை பேசுகிறவர்கள் போய்விட்டார்கள். ஒரு கேமரா மட்டும் மைதானத்தை மேலிருந்து காட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே ஜன்னலில் வெயில் ஏறிவிட்டது, அங்கே இரவு. இரண்டு ஆட்கள் ஒரு பெரிய தார்பாயை இழுத்து வந்து நீ நின்ற மேட்டை மூடினார்கள், ஓரங்களில் மணல் மூட்டை வைத்தார்கள். அப்பாவும் வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த ஆட்கள் போனதும் ஒரு பக்கத்து விளக்குகளை அணைத்தார்கள், பிறகு மறு பக்கத்து விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.

அம்மா